ஒரு வேலைக்கு நாங்கள் இருவர்

உடல்நலம், உழைப்பு, ஏற்றத்தாழ்வு மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று கணக்குப்போட்டு மாதிரி அமைக்க ஒரு பொருளாதார ஆய்வாளர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஆராய்ச்சி நிலையம் சமயநல்லூர் போகிற சாலையில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. நான் மதுரையில் ஒரு டுடோரியலில், ப்ளஸ் டூ தவறிய பையன்களுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தப்பிக்க எனக்கு இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

என் மனைவியும் அதே எம்.ஏ., அதே எம்.ஃபில். எனக்கு ஒரு வருஷம் பின்னால் படித்தவள். "நானும் போட்டுப் பாக்கவாங்க?" என்று கேட்டாள். போடட்டுமே, துணைக்கு ஆளாச்சு என்று நினைத்தேன். நேர்முகத் தேர்வுக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

முதலில் என்னை அழைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெசவாளர் வீடுகளில் விசாரித்தால், தறியில் அதிக நேரம் உட்காருகிறவர்கள்தான் திடமாக இருக்கிறார்கள், ஏன் என்று கேட்டார்கள். இது ஒரு கேள்வியா? வேலை கூடினால் கூலி கூடும், கூலி கூடினால் சாப்பாடு நன்றாக இருக்கும், உடம்பு தேறும். போர்டில் சமன்பாடே எழுதிக் காட்டிவிட்டு, வேலை கிடைத்த மாதிரியே வெளியே வந்தேன்.

வராந்தாவில் அவளிடம் கேள்வியையும் என் பதிலையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "இதையே சொல்லிரு" என்றேன். பெருந்தன்மைதான், வேறென்ன. அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். போனவள் வரவே இல்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் வேறு கேட்டது. என்னிடம் யாரும் சிரிக்கவில்லையே.

அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரர் போன் வந்திருக்கிறது என்று கூவினார். எங்களிடம் போன் கிடையாது. நான்தான் ஓடினேன். "வாழ்த்துகள், உங்கள் மனைவியைக் கூப்பிடுகிறீர்களா?" என்றது குரல். மேலேயிருந்து அவளைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்துவிட்டு நின்றேன். என் மூஞ்சியில் ஈயாடவில்லை.

கீழ்வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்குக் கிடைக்கும்னு எனக்கு அப்பவே தெரியும் மாப்ள."

"எனக்கு இல்லண்ணே. அவளுக்கு."

"அப்படியா? சரி விடுங்க, யாருக்குக் கிடைச்சா என்ன, ரெண்டும் ஒண்ணுதான."

எப்படி ஐயா ஒன்றாகும்? திங்கட்கிழமை டுடோரியலில் கத்தப்போவது நான். நல்ல புடவை கட்டிக்கொண்டு சமயநல்லூர் பஸ் ஏறப்போவது அவள். வேறு எவனாவது அந்த வேலையை வாங்கியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவளை என்ன சொல்லித் திட்டுவது? பொறாமைதான். நெஞ்சுக்குள் திகுதிகுவென்று எரிந்தது.

சாயங்காலம் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்தத் தறிக் கேள்விக்கு நீ என்ன சொன்ன?"

"உடம்பு முடியாதவங்க தறியை விட்டு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. திடமா இருக்கவங்கதான் மிச்சம் உக்காந்திருக்காங்க, அவங்களை மட்டும் எண்ணுனா அப்படித்தான் வரும்னு சொன்னேன். எந்திரிச்சுப் போனவங்களையும் தேடிச் சேக்கணும்னேன்."

பாவி மகள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் வராந்தாவுல சொன்னப்பவே தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு எதுக்குத் தலையாட்டுன?"

"நீங்க உள்ள போயி சொல்லிட்டு வந்துட்டீங்க. தப்புன்னு சொன்னா அந்த நேரத்துல உங்களுக்கு மனசு கஷ்டம். அதான்."

நான் விடவில்லை. "கல்யாணமாகி இம்புட்டு நாள்ல இந்த மாதிரி எத்தனை தடவை தலையாட்டியிருப்ப?"

அவள் கரண்டியைக் கையில் வைத்தபடி சற்று நேரம் சுவரைப் பார்த்தாள்.

"எண்ணி வைக்கலையேங்க" என்றாள்.

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.