அந்த அரை கிலோ மாவு

சின்னமனூர்ப் பக்கம் ஒரு மாவு மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. ஸ்டார்ட்டரை அமுக்கவேண்டும், மேல் தொட்டியில் தானியத்தைக் கொட்டவேண்டும், கீழே துணிக்குழாயில் வரும் மாவைப் பிடித்து எடை போட்டுக் கொடுக்கவேண்டும். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். மெஷின் சத்தத்தில் அதற்கு அவசியமும் இல்லை.

முதலாளி புது மெஷின் போட்டதும் வம்பு வந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா மூன்று கிலோ கேழ்வரகு கொடுத்தார். மாவு இரண்டரை கிலோதான் வந்தது.

"ஏத்தா, மிச்சத்த மடியில முடிஞ்சு வச்சிருக்கியா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு தடவை புகார் வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். களவாணி என்ற பேரோடு எந்த மில்லில் போய் நிற்பது?

அதற்குப்பின் என் கண் ஒரே விஷயத்தில்தான் இருந்தது: எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது. கேழ்வரகை முதலில் அரைப்பவருக்கு அரை கிலோ குறைந்தது. அடுத்துக் கேழ்வரகு கொண்டுவந்தவருக்குக் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. மெஷினுக்குள் தங்கியதைக் கூட்டி அள்ளிவிட்டுச் சோளத்துக்கு மாற்றினால் மறுபடியும் முதல் ஆளுக்குக் குறைந்தது. அவர் சின்னப் பை கொடுத்தாலும் மூட்டை கொடுத்தாலும் அதே அரை கிலோ. தானியம் கூடினால் மாவு கூடியது, குறைவு மட்டும் கூடவில்லை. களவு என்றால் மூட்டையில்தானே கை தாராளமாகப் போகும்?

மெஷினைக் கூட்டி அள்ளியிருந்த ஒரு நாள் காலையில் முதலாளி வீட்டுக் கேழ்வரகு மூட்டையே முதலில் வந்தது. அந்த அக்காவும் வரிசையில் இருந்தார். நான் தள்ளிப்போய் நின்றுகொண்டு, மாவை முதலாளியையே பிடிக்கச் சொன்னேன். இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் பிடித்தார், மோட்டாரை நிறுத்தினார், எடை போட்டார். நம்பாமல் இன்னொரு தடவை போட்டார். அரை கிலோ குறைந்திருந்தது.

"எங்க போச்சு?"

"மெஷினு வயித்துல இருக்கு மொதலாளி. எம்புட்டுப் போட்டாலும் மொத அரை கிலோவ அது வச்சுக்கிரும். தானியம் மாத்தையில கூட்டி அள்ளுறோம்ல, அது எங்கன போகுது?"

எங்கள் பக்கத்து மில்களில் கூட்டி அள்ளும் மாவு முதலாளி வீட்டு மாட்டுக்குத்தான். வாளி போவதை ஊரே பார்த்திருக்கிறது.

"அப்ப களவாணி இவுக எருமதான்" என்றார் அந்த அக்கா.

வரிசை சிரித்தது. முதலாளி சிரிக்காமல், சரி சரி, ஸ்விட்சைப் போடு என்றார். நான் போடவில்லை.

"நான் எடுக்கலன்னு இவுக எல்லாருக்கும் கேக்குறாப்புல சொல்லுங்க. பெறகு போடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார், நீண்டுகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். "இந்தப் புள்ள எடுக்கல" என்றார். பின்னால் நின்றவருக்குக் கேட்கவில்லை என்றேன். சத்தமாகச் சொன்னார். மோட்டார் ஓடியது.

வாளி மாட்டுக்கொட்டிலுக்குப் போவது நிற்கவில்லை. என் மடியைப் பார்ப்பது நின்றது.

இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். குறைகிறது என்று யாராவது உங்கள்மேல் பாய்ந்தால், எவ்வளவு போட்டபோது எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். கூடப் போட்டால் குறைவும் கூடுகிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள்.