வாசலில் கழற்றிய ஷூ

வெறுங்காலோடு தேவாலயத்தை விட்டு இறங்கி நடக்கிறேன். தெற்கு ஸ்பெயினில், மலைமேல் இருக்கும் பழைய ஊர் இது. டிசம்பர் மாதத்துக் கல் பாதத்தைக் கடிக்கிறது. அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனி ஊர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை போன பிறகு, வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தேன். நாளை ஆலிவ் பறிக்க ஆள் எடுக்கிறார்கள். ஷூ இல்லாதவனை மேஸ்திரி லாரியில் ஏற்றமாட்டார்.

தேவாலயம் முன்பு மசூதியாக இருந்ததாம். முற்றத்தில் கால் கழுவும் பழைய தொட்டியைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் காணவில்லை.

"ஏய், நில்லுப்பா!" கோயிலைக் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு ஓடி வருகிறாள். அவளும் ஒரு காலத்தில் நியூஜெர்சியில் வீட்டு வேலை பார்த்தவளாம்; அங்கே கற்ற ஆங்கிலம். "அது உன்னோடதா? கிழிஞ்சு கிடந்துச்சேன்னு குப்பை வண்டியில போட்டுட்டேன். வண்டி போயிடுச்சு."

"வாசல்ல கழட்டி வெச்சா குப்பையாம்மா?"

"இந்த வாசல்ல ஷூவைக் கழட்டி ஐந்நூறு வருஷமாச்சு. நான் என்னத்தைக் கண்டேன்?"

சிரிக்கிறாள். என் கால் விரல்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. எதிர்வீட்டுக்குள் போய் ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்து வருகிறாள். லேஸுக்குப் பதில் பச்சை வலைக்கயிறு கோத்திருக்கிறது.

"என் வீட்டுக்காரரோடது. போன சீசன்ல ஆலிவ் தோப்புலயே விழுந்து செத்துட்டார்."

மறுநாள் காலை மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. பச்சைக் கயிற்றையே பார்க்கிறார். பெயர்கூடக் கேட்காமல், அதே பச்சைக் கயிறு சுற்றிய, ஆலிவ் காயைத் தட்டி உதிர்க்கும் செத்தவரின் கம்பை என் கையில் கொடுத்து லாரியில் ஏறச் சொல்கிறார்.