மஞ்சள் நிற்கும் வரை

எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை மஞ்சள் அக்கா என்போம். டயசோமீத்தேன் என்ற மஞ்சள் கரைசலைத் தயாரிப்பது அவள் வேலை. எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தை அப்படியே சோதனைக் கருவியில் ஏற்ற முடியாது, எளிதில் ஆவியாகும் எஸ்டராக மாற்றியாக வேண்டும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் குமிழி கிளம்பி மஞ்சள் மறையும். மறையாமல் நின்றுவிட்டால் அமிலம் முழுவதும் மாறிவிட்டது என்று அர்த்தம். ஐந்தே நிமிடத்தில் காரியம் கச்சிதமாக முடியும்.

ஆனால் அது கொடிய விஷம். குடுவையில் ஒரு கீறல் இருந்தால்கூட வெடிக்கலாம். அதனால் பதினொரு மணிக்கு அவள் கதவில் சிவப்பு அட்டையை மாட்டியதும் நாங்கள் ஐந்து பேரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். நானும்தான், யோக்கியன் வேஷம் போட விரும்பவில்லை. குடுவைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி அவள் தனியாக நிற்பாள். வீட்டிலும் பேச ஆள் கிடையாது. கணவர் தவறி ஏழு வருஷம், மகன் வேறு ஊரில்.

போன மாதம் அவளுக்கு இருமல் தொடங்கியது. அந்த ஆவி இன்னொரு முறை உள்ளே போனால் மூச்சே அடைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். அப்படியும் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் அதே வேலையைச் செய்தாள்.

"இத விட்டா வேற எதுக்கு என்னை வெச்சுக்கப் போறாங்க?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். நான் மழுப்பினேன்.

நேற்று இழுப்பு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட, இதுக்கா பயந்தீங்க? மெத்தனால்ல கொஞ்சம் அமிலம் சேர்த்து சூடு பண்ணாலும் எஸ்டர் வந்துடும். ஒரு மணி நேரம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்."

"அந்த வழி எப்பலேருந்து சார் இருக்கு?"

"எப்பவுமே இருக்கு. இது சீக்கிரம் முடியுதேன்னு விட்டுட்டோம். நீங்களும் ஒண்ணும் சொல்லலையே."

அவளுக்குக் கற்றுத் தந்தது அந்த ஒரு முறையைத்தான். பதினொரு வருஷம். மேலாளர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமாப்பா?"

கல்லூரியிலேயே படித்த பாடம்.

"தெரியும்க்கா. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் கோபப்படவில்லை. மூச்சு திரும்பும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறதுக்கு இங்க யாருப்பா இருந்தீங்க?" என்றாள்.