அம்பு போட்ட ஜீப்

ஓட்டல் வாசலில் அலங்காரமாக நிறுத்தியிருந்த பழைய ராணுவ ஜீப்பில், நம்பருக்கு முன்னால் அம்பைப் பக்கவாட்டில் வரைந்திருந்தான் எவனோ ஒரு மடையன். அது மேல்நோக்கி இருக்க வேண்டும். பட்டுக்கோட்டையில் எங்கள் தென்னந்தோப்பு ஜீப்பின் நீலப் பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டி, அடியில் பட்டாளப் பச்சையையும் அந்த வெள்ளை அம்பையும் கண்டெடுத்தவள் நான். எல்லை வரை ஓடிய வண்டியாம். ஏலத்தில் எடுத்த அத்தா, அதன் பின்பக்கத்தைச் செங்கல்மேல் தூக்கி நிறுத்தி, டயரைக் கழற்றி, சக்கரத்தில் பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டு சவூதி போய்விட்டார். பெரியவளானபின் அம்மாவைப் போலவே எனக்கும் தோப்பு வேலிக்கு அப்பால் அனுமதியில்லை. மண்ணெண்ணெய்ப் புகைக்குள், அதிரும் சீட்டில் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றும் சக்கரத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

"எங்கடி போயிட்டு வந்தே?" என்று அம்மா கேலி செய்வாள்.

"காஷ்மீருக்கு."

அண்ணனும் துபாய்க்குக் கிளம்பிப் போன அன்று மதியம், தோப்பில் ஜீப் சத்தம் கேட்டு ஓடினேன். அன்று தண்ணீர் பாய்ச்சும் நாளில்லை. அம்மா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

அவள் திரும்பவில்லை.

"பேசாம ஏறுடி" என்றாள்.