அருவி மேல் ஓடிய ரோலர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். கம்பைநல்லூர் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் சுவரில் ஒகேனக்கல் அருவி வரைய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா. வருகிறவர்கள் நின்று செல்ஃபி எடுக்க ஒரு சுவர் வேண்டுமாம்.

நான் அப்போதுதான் தனியார் பள்ளி டிராயிங் மிஸ் வேலையை உதறிவிட்டு, இனி சுவர் ஓவியம்தான் பிழைப்பு என்று கிளம்பியிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "தீபாவளி வரைக்கும் பாரு. சரிப்படலைன்னா மறுபடி ஸ்கூலுக்கே போயிடு" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தச் சுவரைப் பார்த்து நாலு பேர் கூப்பிட்டால் எனக்கு அடுத்த வேலை. இல்லாவிட்டால் திரும்பவும் மூன்றாம் வகுப்புக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான்.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ரேட் கேட்டால் வாயில் தானாக வரும்: "நீங்களே பாத்துக் குடுங்க." எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். கொடுப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த முறை மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டேன். மண்டபக்காரர் பழைய புளி வியாபாரி. ஒன்றுமே பேசாமல் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. "அதிகமா தெரிஞ்சா கொறச்சுக்கலாங்க" என்று உளறிவிட்டேன். உலகத்தில் யாராவது தனக்கு எதிராகத் தானே பேரம் பேசுவார்களா? நான் பேசினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம வூட்டுப் புள்ள நீ. பாதிக்கு முடிச்சுக் குடு கண்ணு. கீழ உம் பேரு, போன் நம்பரு எல்லாம் போட்டுக்க. வர்ற சனமெல்லாம் பாக்கும். எப்பேர்ப்பட்ட விளம்பரம் உனக்கு!" காபியும் வந்தது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. வெயிலில் சாரத்தின் மேல் நின்று பாறை பாறையாக வரைந்தேன். முன்னால் ஒரு பரிசல், அதில் ஒரு புது ஜோடி. அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் தெறித்து அவள் கண்ணைச் சுருக்குவது மாதிரி வந்திருந்தது. நான் வரைந்ததிலேயே அதுதான் அழகு என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு முதல் நாள் மூலையில் என் பேரையும் போன் நம்பரையும் எழுதி முடித்தேன். மண்டபக்காரர் வந்து பார்த்தார். "படம் அருமையா இருக்குது கண்ணு. அந்தப் பேரை மட்டும் அழிச்சிடு. அந்த எடத்துல மண்டபத்து பேரு வரட்டும். போட்டோ எடுக்கறப்ப யாரோ பேரு எதுக்கு?"

யாரோ! பாதி விலைக்குப் பேசும்போது வீட்டுப் பிள்ளையாக இருந்தவள், படம் முடிந்ததும் யாரோ ஆகிவிட்டேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பேருக்காகத்தானுங்க பாதியாக் கொறச்சேன். பேரு வேணாம்னா முழு ரேட்டையும் குடுங்க. ஏதாவது ஒண்ணு" என்றேன்.

"பேசி முடிச்சது முடிச்சதுதான். பொழுது விடிஞ்சா விழா. இப்ப என்னா பண்ணிடுவ?"

சாரத்தின் கீழே வெள்ளை எமல்ஷன் பெயின்ட் டப்பா இருந்தது. ரோலரை அதில் முக்கி எடுத்தேன். அவர் சிரித்தார். "அடிச்சிடுவியாக்கும்?"

அடித்தேன். பரிசல் மேலேயே அடித்தேன். கண்ணைச் சுருக்கிய அந்தப் பெண் ஒரே இழுப்பில் காணாமல் போனாள். எனக்கு அழுகைகூட வந்தது. ஆனாலும் ரோலரை மறுபடி டப்பாவில் முக்கினேன். சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். "என்னாங்க இது? நாளைக்கு ஊரே வருது, வெறுஞ்செவுத்தையா காட்டப் போறீங்க?"

"செரி, நிறுத்து. என்னாதான் வேணும் உனக்கு?" என்றார் அவர்.

"முழு ரேட்டுங்க. பேரும் இருக்கும்."

"ரெண்டுமா? ஏதாவது ஒண்ணுன்னு இப்பத்தானே சொன்ன?"

"அது ரோலர் அடிக்கறதுக்கு முன்னாலங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ரேட் பேசிய அன்று பார்த்த அதே பார்வையை அவர் பார்த்தார். 'கொறச்சுக்கலாங்க' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். ரோலரிலிருந்து வெள்ளை என் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "புளியங்கொட்டையாட்டம் கெட்டியா இருக்கறயே! போட்டுக்க உம் பேரை" என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எடுத்துவரப் போனார்.

பரிசலைத் திரும்ப வரைய நேரம் இல்லை. அந்த வெள்ளையையே இழுத்துத் தட்டி நுரையாக்கிவிட்டேன். துடுப்பின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தத் தீபாவளியும் வந்து போனது, ஸ்கூல் பேச்சை அப்பா எடுக்கவில்லை. இப்போது ரேட் சொன்னதும் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த மண்டபத்தில் இன்றும் புது ஜோடிகள் அந்த நுரைக்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள், நுரை தத்ரூபமாக இருக்கிறது என்று போனில் பாராட்டுகிறவர்களும் உண்டு. ஆசையாக வரைந்த ஒரு பரிசலை என் கையாலேயே மூழ்கடித்துத்தான் என் பேரைக் கரை சேர்த்தேன். இனி அந்தப் பேரைப் பாதி விலைக்கு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.