படகு திரும்பாத காலையில் கட்டிய சப்பரம்

ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை, காரைக்காலுக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் நடந்த மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கரையோரமாக நடந்தே போய்விடலாம் என்பது மட்டும் போதும்.

ஒரு வாக்குவாதம்தான் என்னை அங்கே கொண்டு போனது. நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது கம்மலையும் வளையலையும் கழற்றினேன். பூ வைத்துக்கொள்வதும் அதோடு நின்றது. எங்கள் சபைச் சுவரில் சிலுவைகூடக் கிடையாது. திருச்சியில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ரீத்தா கத்தோலிக்கர். கடவுளுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று ஒருநாள் நான் கேட்கப்போய்ப் பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. கடைசியில், எங்கள் ஊர்த் திருவிழாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். தஞ்சாவூர், திருவாரூர் வழியாகக் காரைக்கால் வந்து இறங்கும்போது மணி ஆறே கால். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொள்ளாயிரம் ரூபாயில் அறை கிடைத்தது. சுத்தமான அறை, ஆனால் கொசு அதிகம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். தலத்தெரு, கோட்டுச்சேரி தாண்டி ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ரஃபீக் காரைக்கால்காரர். வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தவர், குப்பத்துக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்.

திருவிழா ஊரில் இருக்கவேண்டிய சத்தம் எதுவும் அங்கே இல்லை. ஒலிபெருக்கியை அணைத்திருந்தார்கள். ஊரே கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீத்தாதான் ஓடி வந்து சொன்னார். முந்தின நாள் விட்ட வலையை எடுக்க அவருடைய அண்ணன் அந்தோணியும் இன்னும் இரண்டு பேரும் அதிகாலை இரண்டு மணிக்குப் படகில் போயிருக்கிறார்கள். ஆறு மணிக்கு வந்திருக்கவேண்டும். கைப்பேசி எடுபடவில்லை. மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. காற்று நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டிருந்தது. இலங்கை எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று ஒருவர் முணுமுணுத்தார்.

காசு கொடுத்து ரஃபீக்கை அனுப்பப் பார்த்தேன். அவர் ஆட்டோவைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். "இருக்கேங்க்கா. வண்டி தேவைப்படலாம்" என்றார்.

ஒன்பது மணிக்கு இரண்டு படகுகள் தேடக் கிளம்பின. ரீத்தா என்னைக் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். மாதாவை வைத்து மாலையில் தெருச் சுற்றிவரும் சப்பரம் அங்கே பாதி அலங்காரத்தில் நின்றது. தரையெல்லாம் செவ்வந்தியும் சம்பங்கியும் குவிந்துகிடந்தன. நடுவில் அந்தோணியின் மனைவி பிலோமினா உட்கார்ந்து வாழைநாரில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். வருடாவருடம் அவர் கைதான் கட்டுமாம். ஊரில் சிலர் பவனியே வேண்டாம் என்றார்கள். படகு வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். பிலோமினா யாரிடமும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. சரம் நீண்டுகொண்டே போனது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. புருஷன் கடலில் என்ன ஆனார் என்று தெரியாத நேரத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில் வெள்ளையா, சிவப்பா என்று ஒரு பெண் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்த நேரத்துல அலங்காரம் எதுக்குங்க? வாங்க, சேர்ந்து ஜெபம் பண்ணலாம்" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு நினைக்கிறீங்க?"

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த பூவை நாரில் வைத்தபடி பிலோமினா தணிந்த குரலில் தொடர்ந்தார். "காலையிலேர்ந்து வாயில ஒரு வார்த்த வரலங்க. கை மட்டுந்தான் ஓடுது. அதயும் நிறுத்தச் சொல்லாதீங்க."

எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு நாரை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் பூத்தொடாத விரல்கள். நான் போட்ட முடிச்சு நிற்கவே இல்லை. பிலோமினா அதைப் பிரித்து, மெதுவாகக் கட்டிக் காட்டினார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று நேரம் போனது. யாரும் சாப்பிடவில்லை. கரையில் குரல் எழும்போதெல்லாம் எல்லார் கையும் நிற்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி ஓடும். அந்த ஐந்து மணி நேரமும் நானும் உள்ளுக்குள் ஜெபித்தேன். ஆனால் அவர் அளவுக்கு நான் எதையும் அங்கே ஒப்புக்கொடுக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மூன்று படகுகள் தெரிந்தன. நடுவில் வந்ததைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் நின்று, காற்றில் வெகுதூரம் தெற்கே போயிருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள். எஞ்சினைக் கிளப்பப் பார்த்தபோது அந்தோணியின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது. சட்டையைக் கிழித்துச் சுற்றியிருந்த கட்டு முழுக்க ரத்தம். பிலோமினா கட்டிக்கொண்டிருந்த சரத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு நிமிடத்தில் ரஃபீக்கின் ஆட்டோ அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

ஆறு மணிக்குப் பவனி நடக்கும் என்று அறிவித்தார்கள். மீதிச் சரங்களைப் பெண்கள் அவசரமாகக் கட்டி முடித்தார்கள். மாதா சுரூபத்தை ஏற்றி விளக்குப் போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். கும்பிடவில்லை, முழங்காலிடவில்லை. அது என் வழக்கம் இல்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அதைக் கட்டியவர் அங்கே இல்லை என்பதுதான் மனதைப் பிசைந்தது. ரீத்தாவின் கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம்.

ஐந்து நிமிடத்தில் பிலோமினாவே கூப்பிட்டார். விரல் ஒன்றை எடுக்கவேண்டி வரலாம், ஆனால் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு, "இடது பக்கம் சம்பங்கி சரிஞ்சிருக்கு ரீத்தா. கிளம்பறதுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க" என்றார்.

ரீத்தா அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் ஏறி நான்தான் அந்தச் சரத்தைத் தூக்கிக் கட்டினேன். இந்தமுறை முடிச்சு நின்றது.

என் சபையின் வெள்ளைச் சுவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை. அழகு ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காரைக்காலில் தங்குவது வசதி. குப்பத்தில் விடுதி கிடையாது. கோட்டுச்சேரிக்கு அடிக்கடி பஸ் உண்டு, அங்கிருந்து கரைக்கு ஆட்டோதான். வெயிலுக்குக் குடையும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோங்கள். எல்லாரும் மாலைப் பவனிக்குத்தான் போவார்கள். நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள். பூக்கட்டும் இடத்தில் உட்கார இடம் கேளுங்கள், தருவார்கள். கட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாயை மட்டும் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்.