செய்யமாட்டோம் என்று எழுதவைத்த ஸ்டெல்லா மிஸ்

ஸ்டெல்லா மிஸ் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு விளம்பரமாகத்தான் வந்தது. காலையில் வெள்ளவத்தை மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் புழு பார்த்துக்கொண்டு நின்றேன். போன் அதிர்ந்தது. எடுத்தால் ஒரு மெழுகுதிரி, பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதரின் பெரிய படம். அட, இந்த ஆள் முடிந்துவிட்டாரா என்று அரைக் கணம் மனம் ஆறுதல்கூடப் பட்டது. பிறகுதான் மூலையில், முத்திரை அளவில், மிஸ்ஸின் முகம் தெரிந்தது. "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "உங்கள் இணையத்தளத்தை ஏழே நாளில் முதலிடத்துக்குக் கொண்டுவர உடனே அழையுங்கள்" என்று மூன்று வரியும் இரண்டு போன் நம்பரும்.

செத்த வீட்டிலும் ஆள் பிடிக்கிற இந்தப் பிறவியை, கடை கண்ணி வைத்திருக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் எழுதி அவருக்குப் புகழ் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. மிஸ் அவரை 'ஏழு நாள்' என்றுதான் சொல்லுவார். "ஏழு நாளில முதலிடம் தாறேன்னு ஒருத்தன் வந்தா, இருக்கச் சொல்லாதீங்க, தேத்தண்ணி குடுக்காதீங்க. முதலிடம் அவன் கையில இல்ல. இருந்தா ஏன் உங்கட படியேறி வாறான்?" மிஸ் இதை என்னிடம் சொன்னபோது, அந்த ஆள் என் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய் ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

ஸ்டெல்லா மிஸ் கொட்டாஞ்சேனைக்காரி. முன்பு டைப்பிங் கிளாஸ் நடத்தியவர், அதனால் ஊருக்கே மிஸ். டைப்ரைட்டர்கள் பழைய இரும்புக்குப் போன பிறகு இணையப் பக்கங்களைத் திருத்துகிற வேலைக்கு வந்தார். யாராவது போனில் "வெள்ளவத்தை மரக்கறிச் சாப்பாடு" என்று தேடினால் என் சமையல்கூடம் கண்ணில் படவேண்டும். அதுதான் அவருடைய தொழில். அதைச் செய்து தருவார், செய்யும்போது நம்மைப் புழுவைப்போலப் பார்ப்பார். சம்பிரதாயத்துக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை வராது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மூக்காலேயே ஒரு சிரிப்பு. அது விழுந்தால் நாம் ஏதோ மடத்தனம் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

முதல் நாள் என் பக்கத்தைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். பிள்ளையார் வந்தார். நாதஸ்வரம் தானாக ஊதியது. பிறகு மாலை போட்ட என் ஐயாவின் படம், பிறகு ஒரு மந்திரி ரிப்பன் வெட்டுகிற படம், அவர் என் வடையைக் கடிக்கிற படம், கடித்த பிறகு சிரிக்கிற படம். மிஸ் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"மொதலாளி, நீங்க சாம்பார் விக்கிறீங்களா, மந்திரி விக்கிறீங்களா?"

"மிஸ், அது ஒரு மதிப்புக்குத்தானே."

"பசியோட தேடுறவனுக்கு மதிப்பு என்னத்துக்கு? நீங்க என்ன சமைக்கிறீங்க, எங்க இருக்கிறீங்க, எத்தனை மணிக்குத் திறப்பீங்க, போன் நம்பர் என்ன. நாலும் எங்க?"

நாலும் இல்லை. மந்திரி மட்டும் மூன்று தரம் இருந்தார். பிறகு மிஸ் பக்கத்தின் அடியில் இருந்த வெறும் வெள்ளை இடத்தில் விரலை வைத்து இழுத்தார். ஒளிந்திருந்த எழுத்துகள் நீலத்துக்குள் எழும்பின. "கொழும்பில் சிறந்த சமையல், சிறந்த சமையல் கொழும்பு, வெள்ளவத்தை சிறந்த சமையல்..." முன்பு பக்கம் செய்து தந்தவன் வெள்ளையில் வெள்ளையாக நாற்பது தரம் எழுதிவைத்திருக்கிறான், தேடுகிற இயந்திரத்தை ஏமாற்றுகிறானாம். "இது என்ன, செபமாலையா?" என்றார் மிஸ். எல்லாவற்றையும் அழித்தார். ஐயாவின் படத்துக்கு மட்டும் உள்ளே ஒரு மூலை கிடைத்தது. மந்திரிக்கு அதுவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரின் பக்கத்தில் இன்றைக்கும் அந்த நாதஸ்வரம் ஊதுகிறது, எனக்குத் தெரியாதா?

அடுத்த கிழமை மிஸ் ஒரு கொப்பியோடு வந்து என் சமையல்கூடத்தில் கதிரை போட்டு இருந்தார். போன் எடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகளை, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதினார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சமைப்பீர்களா? வெங்காயம், உள்ளி போடாமல் தருவீர்களா? கிருலப்பனைக்குக் கொண்டுவருவீர்களா? லிப்ட் இல்லாத பிளாட்டில் மூன்றாம் மாடிக்குத் தூக்கித் தருவீர்களா? பின்னேரம் கொப்பியை என் முன்னால் போட்டார். "இதுதான் உங்கட பக்கம். சனம் போன்ல கேக்கிறதைத்தான் தேடும்போதும் கேக்கும். ஒவ்வொண்டுக்கும் நேரா பதில் எழுதுங்க. 'பாரம்பரியச் சுவையின் சங்கமம்' எண்டு ஒருத்தனும் தேடமாட்டான்." அந்த வாசகம் என் போர்டில் இருந்தது. மகளின் பரிசளிப்பு விழா மலரில் பார்த்து நான் எடுத்தது. படங்களும் கடன் வாங்கியவைதான்: எந்த நாட்டுச் சோறோ, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. "உங்கட சோறை நீங்களே எடுங்க, சன்னல் பக்கம் வெச்சு," என்றார். எடுத்தேன். சோறு கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. "பரவாயில்ல, பொய் இல்ல," என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் குளிர்ந்துபோய்த் திரிந்தேன்.

நான்கைந்து மாதத்தில், ஏழு நாளில் அல்ல, ஓடர்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். தாய் இங்கே காலமாகியிருப்பார், அவர்கள் அங்கே இருந்து போனில் தேடி எங்களைப் பிடிப்பார்கள். அந்த ருசியில்தான் எனக்குப் புத்தி கெட்டது. இணைய வரைபடத்தில் பக்கத்துத் தெருக் கடைக்கு அறுபது பேர் ஸ்டார் போட்டிருந்தார்கள், எனக்கு ஒன்பது. ரொறன்ரோவில் இருக்கிற என் அக்காவிடம், "நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லுங்கோ," என்றேன்.

அக்காவுக்கு எதையும் அளவாகச் செய்து பழக்கமில்லை. குடும்பக் குழுவில் கட்டளை போட்டார். ஒரே நாளில் நாற்பத்தொரு பேர் ஐந்து ஸ்டார். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச். என் சமையலை ஒரு வாய் சாப்பிட்டவர் அதில் ஒருவர் இல்லை. பாதிப் பேர் நான் கரண்டி பிடிக்க முதலே நாட்டை விட்டுப் போனவர்கள். சூரிச்சில் இருக்கிற எங்கள் மச்சான் தனியாக உருகியிருந்தார்: "இவர்களின் ஆட்டிறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டால் கண்ணீர் வரும்."

எனக்கும் வந்தது. என்னுடையது சுத்த மரக்கறிச் சமையல்கூடம்.

கிருலப்பனையில் ஒரு வீட்டார் தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்கு எங்களிடம் சொல்லியிருந்தார்கள். காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டு அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, நீங்கள் மச்ச மாமிசமும் சமைக்கிறனீங்களோ? அதே கிடாரத்திலையோ எங்கட அவருக்குப் படைக்கிற சோறும்?"

"இல்லை அம்மா! எங்கட அடுப்பில முட்டை கூட அவிச்சதில்லை!"

"உங்கட சாப்பாட்டைச் சாப்பிட்ட ஆள்தானே எழுதியிருக்கிறார், கண்ணீர் வருமெண்டு."

எழுதியவர் மச்சான் என்றால் புளுகன் என்று ஆகும். எழுதியது உண்மை என்றால் அதைவிட மோசம். அந்த அம்மா கத்தவில்லை. "எங்களுக்கு வேண்டாம் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அந்தக் கிழமையே இன்னும் மூன்று வீட்டார் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு விலகினார்கள். திதிக்கும் திவசத்துக்கும் சமைக்கிறவன் மேல் இந்தச் சந்தேகம் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அது காணாதென்று அடுத்த திங்கட்கிழமை வரைபடத்திலிருந்து எங்கள் சமையல்கூடமே மறைந்தது. பொய்ப் பாராட்டு என்று வரைபடக்காரர்கள் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். தேடினால் பக்கத்தில் இருக்கிற சலூன் வருகிறது, நான் இல்லை.

மிஸ் வந்தார், நாற்பத்தொன்றையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். மூக்காலே சிரிக்கக்கூட இல்லை.

"எல்லாரும் அழிக்கணும். அவங்கட கையாலயே. அதுக்குப் பிறகுதான் நான் மேல்முறையீடு எழுதுவேன்."

"மிஸ், அக்கா கோவிப்பா."

"அப்ப அக்காவுக்கே சமைச்சுப் போடுங்க." கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், இங்கே காலை. மிஸ் படி இறங்க முதல் போனை எடுத்து அக்காவிடம் சொன்னேன். அக்கா வெடித்தார்: "உனக்கு நல்லது செய்யப் போனனான், என்னைப் பொய்க்காரி எண்டுறியோ? ஆர் அந்தப் பொம்பிளை, குடு போனை!" கொடுத்தேன். என் தலைக்குமேல் இரண்டு புலிகளை மோதவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, உங்கட தம்பிட சோறு கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நான் அங்க வந்தே எத்தினை வருசம்..." என்று அக்கா இழுத்தார்.

"சாப்பிட்டதே இல்லைதானே? அப்ப நீங்க தம்பியைப் புகழல்ல, சும்மா கைதட்டியிருக்கிறீங்க. ஒரு பிளேன் எடுத்து வாங்க. சாப்பிடுங்க. மூணு ஸ்டார்தான் பெறும்னா மூணு குடுங்க. அந்த மூணு இந்த நாப்பத்தொண்டை விடப் பெறுமதி."

அக்கா போனை வைத்துவிட்டார். ஆனால் நான்கு நாளில் நாற்பத்தொன்றும் போயின. மச்சான்தான் கடைசி. "நான் எழுதினது ஒரு பாசத்தில," என்று செய்தி அனுப்பினார். பாசத்தில் எழுதினாராம்! பாசம் என்றால் நான் என்ன சமைக்கிறேன் என்றாவது கேட்டிருக்கவேண்டாமா?

பிறகு மிஸ் என்னை மேசைக்கு முன்னால் இருத்தினார். "இப்ப எழுதுங்க. 'நாங்கள் செய்யாதவை.'"

"மிஸ், கடைக்காரன் ஆராவது செய்யாததைப் போடுவானோ?"

"செய்யிறதை எல்லாரும் போடுறான். ஒருத்தரும் நம்பல்லையே."

ஆறு வரி. மச்சம், முட்டை சமைக்கமாட்டோம், யார் கேட்டாலும். வேறு சமையல்காரருக்குக் கிடாரம் இரவல் கொடுக்கமாட்டோம். முதல் நாள் மிஞ்சியதைச் சேர்க்கமாட்டோம். களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகமாட்டோம், வத்தளைக்குப் போய்ச் சேர முதல் தேங்காய்ப்பால் சொதி திரைந்துவிடும். லிப்ட் இல்லாவிட்டால் நான்காம் மாடிக்கு மேலே ஏறமாட்டோம். எங்கள் சொந்தக்காரர்களின் பாராட்டைப் போடமாட்டோம். கடைசி வரி வேண்டாமென்று மிஸ்ஸிடம் எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை.

மூன்று கிழமையில் வரைபடத்தில் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு வந்த ஓடர்களில் அரைவாசிக்கு மேல், "அந்தச் செய்யாதவை வாசிச்சனாங்கள்" என்றுதான் தொடங்கின. கிருலப்பனை அம்மாவும் வருசம் முடிந்து ஆட்டைத் திவசத்துக்கு எங்களிடமே வந்தார். அந்த ஆவணி அக்காவும் வந்தார். சாப்பிட்டார், இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். விமானம் ஏறியதும் எழுதினார்: "நான் இவருடைய சகோதரி. சோறு குழைவு. பருப்பு நல்லது." மூன்று ஸ்டார். மிஸ்ஸிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "இது பாராட்டு இல்ல, முறைப்பாடு. இருக்கட்டும்," என்றார். முறைப்பாட்டுக்குச் சண்டை பிடிக்காமல் மரியாதையாகப் பதில் எழுதவேண்டும் என்பது அவர் சட்டம். என் சொந்த அக்காவுக்கு, "தங்கள் கருத்துக்கு நன்றி, அரிசியை மாற்றியுள்ளோம்," என்று எழுதிய ஒரே தம்பி நானாகத்தான் இருப்பேன்.

"மிஸ், நீங்களாவது ஒரு நல்ல வார்த்தை போடுங்கோவன்," என்று ஒரு தரம் கேட்டேன். "நான் உங்ககிட்ட சம்பளம் வாங்கிறவ. எனக்கு வாய் இல்ல," என்றார். கடைசிவரை போடவில்லை. நெஞ்சு வருத்தம் வந்து மிஸ்ஸை ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மிஸ்ஸின் தங்கை பிலோமினா போன் எடுத்தார். ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு வேண்டுமாம்.

"உங்கட அக்கா எங்கட சாப்பாட்டைப் பற்றி ஏதும் சொல்லுறவவோ?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொதி தண்ணின்னு ஏசுவா. ஆனா வேற இடத்துல எடுக்க விடமாட்டா."

"பிள்ளை, உங்கட ஆக்களுக்கு மீன் இல்லாமல் சரிவராதெல்லோ. நான் சமைக்கிறன். புதுக் கிடாரம் எடுத்து, வேற அடுப்பில. அவவுக்காக ஒரு நாள்."

"அண்ணன், உங்கட பக்கத்தை வாசிச்சிட்டுத்தான் எடுக்கிறேன். யார் கேட்டாலும் செய்யமாட்டோம்னு போட்டிருக்கு."

"அது மற்ற ஆக்களுக்குப் பிள்ளை."

"அப்படிப் போடல்லையே."

மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. தங்கைக்கும் அது இருக்கிறது.

ஏழாம் நாள் கொட்டாஞ்சேனையில் ஐம்பது பேரும் மரக்கறிதான் சாப்பிட்டார்கள். சொதிக்கு முதற்பால் கூட்டிவிட்டேன். மீன் இல்லையா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இணையத்தில் எழுதுங்கள், பதில் போடுவேன் என்றேன். நினைவுக்கென்று மிஸ்ஸின் படத்தையோ கொப்பியையோ நான் கேட்கவில்லை. "அது மற்ற ஆக்களுக்கு" என்று அன்றைக்குச் சொன்னேன் பாருங்கள், அப்போது முகத்தில் ஏறிய வெட்கம் ஒன்று இருக்கிறது. மிஸ் எனக்கு விட்டுப்போனது அதுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.